மிதித்தால் ஓடும் படகு – 7: பழுப்புத் தாள் காப்பாற்றிய ஆணி

வாக்குக் கொடுத்தபடி இந்த வாரம் சுக்கான் கயிறு. முடிச்சுகள், அளவுகள், கயிறு நுழைந்து வரும் குழாயின் வரைபடம் என்று எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. கடைசி நேரத்தில் குறுக்கே ஓர் ஆணி வந்து நின்றுகொண்டது. 1763-இல் பிடுங்கிப் பார்க்கப்பட்ட இரும்பு ஆணி. அச்சுக்குப் போகும் நாள் கழுத்தை நெரித்தாலும் அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. சுக்கான் இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும்.

முன்கதை ஒரே மூச்சில்: காலால் மிதித்து ஓட்டும் மீன்பிடி கயாக், 1997-இல் ஹோபி நிறுவனம் கொண்டுவந்த மிராஜ் டிரைவ், அதன் இரட்டைச் சிறகு, பின்னால் வந்த புரொப்பல்லர் வகைகள், சென்ற வாரம் செயின் இறுக்கம். விட்டவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளலாம்.

இனி இடம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக் கிழக்குக் கரையில், கேப் கனாவெரல் ராக்கெட் ஏவுதளங்களை ஒட்டினாற்போல பனானா ரிவர் என்றொரு நீர்ப்பரப்பு கிடக்கிறது. பெயரில்தான் ஆறு. உண்மையில் அது கடலோரக் காயல். அதன் வடபகுதியில் மோட்டார் படகுகளுக்கு அனுமதி இல்லை. அங்கே கடற்புல் மேயும் மேனட்டிகளை மோட்டார் படகுகள் காயப்படுத்திவிடக் கூடாது என்பது ஏற்பாட்டின் நோக்கம். மேனட்டி, நம் பாக் நீரிணை ஆவுளியாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. மோட்டார் வராத அந்த நீரில் ரெட்ஃபிஷ் மீனையும் கறுப்பு டிரம் மீனையும் தேடிப் போகிறவர்களுக்குக் கயாக் தோதானது. கை இரண்டும் தூண்டிலுக்கு, கால் இரண்டும் படகுக்கு என்று பங்கு பிரித்துக் கொடுப்பதால் பெடல் கயாக் இன்னும் தோது.

அதே கரையில், அட்லாண்டிக் அலையைப் பார்த்தபடி இன்னொரு விஷயமும் இருக்கிறது. வரிசை வரிசையான சட்டங்களில் உலோகத் துண்டுகளைப் பொருத்தி, வெயிலிலும் உப்புக் காற்றிலும் காயப் போட்டிருக்கிறது நாசா. கென்னடி விண்வெளி மையத்தில் 1966 முதல் நடக்கும் அரிமான ஆராய்ச்சி அது. எந்த உலோகம் எவ்வளவு நாள் தாங்கும், எந்தப் பெயின்ட் எப்போது உரியும் என்பதுதான் அங்கே கணக்கு. 1981-இல் விண்வெளி ஓடம் பறக்கத் தொடங்கியபின் வேலை இன்னும் கடினமாயிற்று. ஓடத்தின் திட எரிபொருள் ராக்கெட்டுகள் கக்கிய புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தது. உப்புக் காற்று போதாதென்று அமிலக் குளியலும் சேர்ந்துகொண்டது.

ராக்கெட் மேடையையே அரிக்கும் காற்று, பக்கத்துக் காயலில் மிதிபடும் டிரைவை மட்டும் விட்டுவைக்குமா?

ஒரு புரொப்பல்லர் டிரைவை மேசையில் கவிழ்த்துப் பார்க்கலாம். பெடலைத் தாங்கும் கை பெரும்பாலும் அலுமினியம். அதை அச்சோடு பிணைக்கும் போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டுமே துருப்பிடிக்காதவை என்று பெயர் வாங்கியவை. இரண்டு பருவம் உப்புநீரில் ஓடிய டிரைவில், போல்ட் தலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். நகத்தால் சுரண்டினால் ஈரச் சுண்ணாம்பைப் போல உதிரும். பக்கத்தில் பெயின்ட் கொப்புளித்திருக்கும். ஆலன் கீயை நுழைத்துத் திருப்பினால் போல்ட் அசையாது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் தலையிலுள்ள அறுகோணக் குழி வட்டமாகிவிடும். அதற்கும் மேல் போனால் ‘டக்’ என்று தலை மட்டும் கையோடு வரும். உடம்பு உள்ளேயே நின்றுவிடும்.

இந்த வெள்ளைப் பொடி எங்கிருந்து வருகிறது? இங்கேதான் அந்த ஆணி வருகிறது.

18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய எதிரிகளில் ஒன்று கப்பல் புழு. புழு என்று பெயரே தவிர அது சிப்பி இனம். வெதுவெதுப்பான கடலில் ஓக் மரத்தையே துளைத்து உள்ளே குடியிருக்கும். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்த கப்பல்களின் அடிப்பாகம் சல்லடையாகித் திரும்பும். 1761-இல் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். 32 பீரங்கி சுமக்கும் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதும் மெல்லிய செப்புத் தகடு அடித்து, அதே மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பி வைத்தார்கள்.

1763-இல் கப்பலைக் கரையேற்றிப் பார்த்தபோது அதிகாரிகளுக்கு முதலில் மகிழ்ச்சி. தகடு இருந்த இடத்தில் புழு அண்டவில்லை. பாசியும் கொட்டலசும்கூட ஒட்டவில்லை. ஆனால் சில இடங்களில் தகடு கழன்று தொங்கியது. காரணம், அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கரைந்து குழைந்துபோயிருந்தன. சுக்கானைத் தாங்கும் இரும்புப் பூட்டுகளும் அதே கதி. சும்மா கடல்நீரில் கிடக்கும் இரும்பு இரண்டு ஆண்டில் இப்படி ஆகாது.

அத்தனை ஆணியும் போகவில்லை என்பதுதான் விசேஷம். சில ஆணிகள் கிட்டத்தட்ட புதிதாகவே இருந்தன. கிளறிப் பார்த்தவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். செப்புத் தகடுகள் பட்டறையிலிருந்து பழுப்புத் தாளில் சுற்றி வந்திருந்தன. அடித்த தொழிலாளர்கள் சில இடங்களில் அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் அப்படியே விட்டு ஆணி அடித்திருக்கிறார்கள். செம்புக்கும் இரும்புக்கும் நடுவே தாள் எங்கே தப்பியதோ, அங்கே ஆணியும் தப்பியது. யாரோ ஒருவருடைய சோம்பலை, கடற்படை அறிக்கை கண்டுபிடிப்பாகப் பதிவு செய்தது. செம்பும் இரும்பும் கடல்நீரில் ஒன்றையொன்று தொடக் கூடாது என்பதே முடிவு.

ஏன் தொடக் கூடாது என்று அன்று ஒருவருக்கும் தெரியாது. கால்வானி தவளைக் காலில் இரண்டு உலோகங்களைத் தொட்டுத் துடிக்க வைத்த ஆய்வை வெளியிட்டது 1791-இல். வோல்டா, துத்தநாகத்தையும் செம்பையும் அடுக்கி, நடுவே உப்புநீரில் நனைத்த அட்டை வைத்து முதல் மின்கலத்தைக் காட்டியது 1800-இல். ‘அலார்ம்’ கப்பலின் அடிப்பாகம் அதற்கு 37 ஆண்டு முன்பே மிதந்துகொண்டிருந்த ஒரு பேட்டரி. செம்பு ஒரு முனை, இரும்பு மறுமுனை, நடுவே கடல். மின்னோட்டம் ஓடிய வழியில் இரும்பு கரைந்தது.

பெடல் டிரைவில் நடப்பதும் அதேதான். உலோகங்களைக் கடல்நீரில் வைத்து வரிசைப்படுத்தினால், எளிதில் கரையும் பக்கத்தில் மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம். லேசில் அசையாத பக்கத்தில் செம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டைட்டானியம். அவற்றுக்கும் அப்பால் உலோகமே அல்லாத கிராஃபைட். இரண்டு பக்கத்து ஆட்கள் ஈரத்தில் கை கோத்தால் முதல் பக்கத்தவர் கரைவார். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் சேரும்போது நஷ்டம் அலுமினியத்துக்கு. கரைந்த அலுமினியம்தான் அந்த வெள்ளைப் பொடி. உலோகமாக இருந்தபோது அடைத்த இடத்தைவிடப் பொடியானபின் அதிக இடம் கேட்கும். மரைக்குள் வேறு இடம் ஏது? போல்ட்டை நாலாபுறமும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது.

கிராஃபைட் கடைசியில் நிற்பதால் ஒரு கிளைக்கதை. விமானப் பட்டறைகளில் அலுமினியத் தகட்டின்மேல் சாதாரணப் பென்சிலால் கோடு போட விடமாட்டார்கள். பென்சில் கோடு என்பது கிராஃபைட். ஈரம் பட்டால் கோடு போட்ட இடத்திலேயே அரிப்பு ஆரம்பித்துவிடும். கயாக்காரர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கறுப்பாக, வழவழப்பாக இருக்கிறதே என்று கிராஃபைட் கலந்த கிரீஸை அலுமினிய மரையில் தடவினால் விளக்கெண்ணெய்க்குப் பதில் விஷம் கொடுத்த கதைதான்.

இந்தக் கணக்கில் பரப்பளவுக்கும் பங்குண்டு. கரைகிற உலோகம் சிறியதாகவும் எதிரே நிற்பது பெரியதாகவும் இருந்தால் சேதம் பல மடங்கு. ‘அலார்ம்’ கப்பலில் கப்பல் முழுக்கச் செம்பு, அதற்கு எதிரே பொட்டு பொட்டாக இரும்பு ஆணி. அதனால்தான் இரண்டே ஆண்டில் குழைந்தது. பெரிய அலுமினியக் கையில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் அரிப்பு மெதுவாக நடக்கும். ஆகவே பயம் குறைவு, தொந்தரவு மட்டும் உண்டு. தலைகீழாகச் செய்வதுதான் ஆபத்து. மீன் தேடும் கருவியை மாட்ட ஸ்டெயின்லெஸ் தகடு ஒன்றை வாங்கி, அதைப் படகில் அலுமினிய ரிவெட் அடித்துப் பொருத்துகிறவர்கள் உண்டு. ரிவெட் துப்பாக்கி கையில் இருக்கிறது, அலுமினிய ரிவெட் மலிவு, ஐந்து நிமிட வேலை. உப்புநீரில் அந்த ரிவெட்டின் நிலைமை ‘அலார்ம்’ ஆணியின் நிலைமைதான்.

தாள் வைத்து ஆணியைக் காப்பாற்றும் வித்தையைக் கடற்படை பின்னர் பெரிய அளவில் முயன்றது. 1770-களின் இறுதியில் படை முழுவதற்கும் செப்புத் தகடு அடித்தபோது, நடுவே தடித்த தாளும் பூச்சும் கொடுத்தார்கள். ஓக் மரம் அசைய, தாள் கிழிய, நீர் நுழைய, பெரிய இரும்பு போல்ட்டுகள் உள்ளுக்குள் அரித்தன. 1780-களில் இரும்பையே விட்டுவிட்டுச் செப்புக் கலவை போல்ட்டுகளுக்கு மாறினார்கள். ஒரே குடும்பத்து உலோகமானால் சண்டை இல்லை.

அந்தப் பாடம் ஒரு நூற்றாண்டுக்குப் பின் நியூயார்க் துறைமுகத்தில் திரும்ப எழுதப்பட்டது. 1886-இல் நிறுவிய சுதந்திர தேவி சிலையின் மேனி செம்பு, உள்ளே எலும்புக்கூடு இரும்பு. இரண்டும் தொடக் கூடாது என்பது அந்த எலும்புக்கூட்டை வடிவமைத்த ஐஃபெலின் ஆட்களுக்குத் தெரிந்தே இருந்தது. நடுவே அரக்கில் தோய்த்த கல்நார்த் துணியைக் கொடுத்தார்கள். துணி காலப்போக்கில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டது. இரும்பு துருப்பிடித்துப் பருத்து, செப்பு மேனியிலிருந்த ரிவெட்டுகளைப் பிதுக்கி வெளியே தள்ளியது. 1984-இல் தொடங்கி 1986-இல் முடிந்த சீரமைப்பில் இரும்புச் சட்டங்களை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் சட்டங்களை வைத்தார்கள். நடுவே தாளுக்கும் துணிக்கும் பதிலாக டெஃப்லான் நாடா.

கயாக்காரர்கள் இன்று போல்ட்டில் தடவுவதிலும் அதே டெஃப்லான் உண்டு. படகுக் கடைகளில் டெஃப் ஜெல் என்ற பெயரில் சின்னச் சிரிஞ்சில் கிடைக்கும் வெள்ளைப் பசை. விலை கொஞ்சம் அதிகம், ஆனால் ஒரு போல்ட்டுக்கு அரிசியளவு போதும். தடவும் விதம்: போல்ட்டைக் கழற்றி, பழைய பல்துலக்கும் தூரிகையால் மரையை நல்ல தண்ணீரில் தேய்த்து, முழுக்கக் காயவிட வேண்டும். ஈரத்தின்மேல் பசை தடவினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். மரை முழுவதும் மெல்லியதாகத் தடவி, தலைக்கு அடியிலும் ஒரு சுற்று. அதோடு ஒரு நைலான் வாஷர். இவ்வளவுதான். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டு போடும் இடத்திலும் இதைத் தடவுவது நல்லது. அங்கே அரிப்பு பிரச்சினை அல்ல. வேகமாக இறுக்கினால் மரையும் மரையும் உராய்ந்து, பற்றவைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே பிடித்துப்போன போல்ட்டுக்கு? அவசரம் கூடாது. முதலில் டிரைவைப் படகிலிருந்து கழற்றித் தனியே வைக்க வேண்டும். மரை தளர்த்தும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊற விட வேண்டும். மறுநாள் போல்ட் தலையில் சிறு சுத்தியால் நேராகச் சில தட்டு. உள்ளே பொடி உடையும். அப்படியும் அசையாவிட்டால் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு ஹீட் கன் கொண்டு அலுமினியத்தைச் சூடாக்கலாம். ஒரே சூட்டுக்கு அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். துளை பெரிதாகும் அந்த நேரத்தில் ஆலன் கீயை இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு, கழற்றும் பக்கம் ஒரு நூலளவு என்று மாற்றி மாற்றி அசைக்க வேண்டும். ஒரே பக்கமாகத் திருகினால் முறியும். பக்கத்தில் ரப்பர் சீலோ பிளாஸ்டிக் பாகமோ இருந்தால் ஈரத்துணி சுற்றுவது நல்லது. தலை முறிந்துவிட்டால் துளைபோட்டு, இடதுமரை எடுப்பானை இறக்கி, அலுமினிய மரை கெட்டிருந்தால் உள்ளே புது மரைச்சுருள் வைக்கலாம். அது லேத் பட்டறைக்காரர் வேலை. அவரிடம் விட்டுவிடுவது லாபம்.

கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டி வைக்கிறார்களே, கயாக்குக்கும் வைத்தால் என்ன என்று கேட்கலாம். அந்த யோசனைக்கு மூலவர் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்குத் தந்த ஹம்ஃப்ரி டேவி. செப்புத் தகடு வீணாகக் கரைகிறதே என்று கடற்படை அவரிடம் போனது. 1824-இல் டேவி சொன்ன வைத்தியம்: செம்பைவிட எளிதில் கரையும் துத்தநாகத்தையோ இரும்பையோ சிறு துண்டாகச் செம்போடு சேர்த்துவிடுங்கள், அது கரையும், செம்பு தப்பும். சொன்னபடியே செம்பு தப்பியது. ஆனால் கொட்டலசும் கடற்பாசியும் அப்பிக்கொண்டன. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து விஷமானதால்தான் அதுவரை அவை ஒட்டாமல் இருந்தன. கரைவதை நிறுத்தியதும் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டது. டேவியின் யோசனை தோற்கவில்லை. எஃகுக் கப்பல்கள் வந்தபின் அதற்கு நல்ல காலம் பிறந்தது. கயாக்குக்கு மட்டும் அது ஒத்துவராது. துத்தநாகம் வேலை செய்ய அதுவும் அலுமினியமும் ஒரே நீரில் மூழ்கியிருக்க வேண்டும். கயாக் சில மணி நேரம் மிதந்துவிட்டு மீதி வாழ்நாளை ஷெட்டில் கழிக்கிற சாமான். அதற்குத் தாள் வழிதான் சரி.

ஷெட்டில் இருந்தால் காய்ந்துதானே கிடக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீர்த்துப்போகும். ஆனால் கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். ஃபுளோரிடாவில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். மரைக்குள் தங்கிய உப்பு, காற்றிலிருந்தே தண்ணீர் குடித்துக்கொண்டு பேட்டரியை இரவும் பகலும் ஓட்டும். ஆகவே கரையேறிய கையோடு நல்ல தண்ணீரில் கழுவுவது என்பது சுத்தம் பார்க்கிற விஷயமல்ல, உப்பை எடுக்கிற விஷயம். தோட்டக் குழாய் போதும். கார் கழுவும் அழுத்தக் குழாயை நீட்டினால் சீலைத் தாண்டித் தண்ணீரும் மணலும் பேரிங்குக்குள் போய்விடும். ஓடிக் கழுவிய டிரைவை உடனே பையில் திணித்து மூடுவதும் தப்பு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் காவல் அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து போர்த்திக்கொள்ளும் மெல்லிய படலம். ஈரப் பைக்குள் காற்றில்லை. படலம் கிழிந்தால் திரும்பக் கட்டாது. குண்டூசிக் குழிகள் விழும். இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகம், சாதாரண 304 ரகத்தைவிட இதைத் தாங்கும். மாற்றுப் போல்ட் வாங்கும்போது கடைக்காரரிடம் ‘316 இருக்கா?’ என்று கேட்டு வாங்குவது உத்தமம்.

ஃபுளோரிடா நம்மிடமிருந்து வெகு தூரம் என்று யாரும் எண்ண வேண்டாம். அரிமானம் கடுமையான இடங்களில் மயாமிக்கு அடுத்தது பாம்பன் என்பது பாலப் பொறியாளர்கள் வழக்கமாகச் சொல்வது. நாசா காயப் போட்டதுபோலவே, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தாரும் மண்டபத்தில் உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் காயப் போட்டு அளந்திருக்கிறார்கள். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பெயின்ட் அடிப்பது முடிவில்லாத வேலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் கம்பி, மேலே பாலிசிலாக்சேன் பூச்சு. மண்டபத்துக்காரருக்கு வெள்ளைப் பொடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வீட்டு அலுமினிய ஜன்னலின் திருகாணியைப் பார்த்தாலே போதும்.

இடம் தீர்ந்துவிட்டது. சுக்கான் கயிறு அடுத்த வாரம், தப்பாமல். புரொப்பல்லர் டிரைவின் கியர் ஆயில் பால்போல வெளுத்தால் என்ன அர்த்தம் என்பதையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை ஒரு வேண்டுகோள்: கயிறு நைந்திருக்கிறதே என்று பொறுமை இழந்து பழையதை உருவி எறிந்துவிட வேண்டாம். புதுக் கயிற்றைப் பழையதன் வாலில் கட்டித்தான் படகின் வயிற்றுக்குள் இழுக்க வேண்டும். அது போய்விட்டால் குழாயின் மறுமுனைவரை வெறுங்கையால் கயிறு கோக்க வேண்டிவரும்.

(தொடரும்)